படிக்கும்படி அடித்த கோடு

அந்தப் பெண் தான் எழுதியதை அழித்து நான் பார்த்ததில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போடுவாள். நேராக, மெல்லியதாக. கோட்டுக்கு அடியில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தையும் மணியையும் குறித்துவிட்டு, அதன் பிறகுதான் சரியானதை எழுதுவாள்.

நான் அவளைப் பார்த்தது இரண்டே பகல்கள், வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த மாணவர் பிளாக்செயின் நிரல் போட்டியில். மூன்று வருடங்கள் ஆகின்றன. அவள் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. இருந்தும் அன்றிலிருந்து வாசல் கேட் கிரீச்சிடும் போதெல்லாம் அவள்தான் வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறேன். எழுபத்து நான்கு வயதில், பேத்தி வயதுள்ள ஒரு பெண்ணுக்குப் பயந்து வாழ்கிறேன். ஏன் என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்தவன். ஆம்பூரில் ஒரே ஆலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன், பெரும்பகுதி சோதனைக்கூடத்தில். ஆலையில் யாரும் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். லேப் சார் என்பார்கள். அந்த வருடம் போட்டிக்கான பொருள் 'தோல் தொழிலுக்கு உதவும் ஏதாவது' என்பதால், நடுவராக ஒரு பழைய தோல் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இன்னொரு நடுவர் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர், மென்பொருள்காரர்.

முதல் நாள் காலை பதிவு மேஜையில் எனக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். குழு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டாள். மேஜையில் இருந்த மாணவன் வெள்ளை மை புட்டியை நீட்டினான்.

"வேணாண்ணா" என்றாள்.

"ஃபாரம் அசிங்கமாயிடும்மா."

"ஆவட்டும்ணா. தப்பு பண்ணது தெரியணும்ல."

கோடு போட்டு, மணியைப் பார்த்து, 9.10 என்று எழுதினாள். பின்னால் நின்ற அவள் தோழி சிரித்தாள். "அவகிட்ட பேஜார் பண்ணிக்காதீங்கண்ணா. பஸ் டிக்கெட்டு பின்னாடியே டைம் எழுதற ஆளு. நாளைக்கு எனக்கு நிக்காஹ் ஆச்சுன்னா மாப்பிள்ளை கபூல் சொன்ன டைமையும் எழுதிக்குவா."

தோழி ஆம்பூர்ப் பெண். வீட்டில் உருது. புர்காவின் மேல் கழுத்தைச் சுற்றி ஹெட்போன். இருவர் மட்டுமே ஒரு குழு. பேசுவதெல்லாம் தோழி, எழுதுவதெல்லாம் அவள்.

எனக்கு பிளாக்செயின் என்றால் என்னவென்று தெரியாது. அதை ஒளிக்காமல் சொன்னேன். தோழிதான் விளக்கினாள்.

"சிம்பிள் சார். ஒரு கிளாஸ்ல நாப்பது பேர் ஒரே நோட்ஸ் எழுதினு இருக்கோம்னு வைங்க. நீங்க மட்டும் உங்க நோட்டுல ஒரு வரிய மாத்திட்டீங்க. மத்த முப்பத்தொம்போது நோட்டும் உங்களைக் காட்டிக் குடுத்துரும். அவ்ளோதான்."

"பக்கத்தையே கிழிச்சிட்டா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன்.

அந்தப் பெண் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கிழிச்ச எடம் தெரியும் சார். ஒவ்வொரு பக்கத்துலயும் அதுக்கு முந்தின பக்கத்தோட அடையாளம் இருக்கும். நடுவுல ஒண்ணு போச்சுன்னா, அடுத்த பக்கம் பொருந்தாது."

நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் எனக்குத் தாகம் எடுத்தது நினைவிருக்கிறது.

பதினொரு மணிக்கு ஒவ்வொரு குழுவும் எங்களிடம் வந்து, தங்கள் யோசனையைச் சொல்லி, ஆலோசனை கேட்க வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக ஒரு படிவத்தில் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் முதலில் படிவத்தை நீட்டினாள். போட்டேன். பேனா இல்லை என்று என் பேனாவையே கேட்டு வாங்கிக்கொண்டாள். நோட்டைத் திறந்து 'பேனா, நடுவர் சார், 11.20' என்று எழுதினாள். பிறகு படிவத்தில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ எல்லார் கையெழுத்தையும் அப்படித்தான் பாப்பா சார்" என்றாள் தோழி. "கைரேகை ஜோசியம் மாதிரி. எங்க பிரின்சிபால் கையெழுத்தையே ரெண்டு நிமிஷம் பாத்தா. அவர் பயந்துட்டாரு."

"சார், ஒரு டவுட்டு" என்றாள் அவள். "கழிவுக் குழியில ஆள் எறங்கறதுக்கு முன்னாடி சீட்டு குடுப்பாங்க இல்ல?"

"ஆமாம்மா. அனுமதிச் சீட்டு. பர்மிட்டுன்னு சொல்லுவோம். குழிக்குள்ள விஷவாயு இல்லைன்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்."

"குழிகிட்ட நின்னு போடுவாங்களா, ரூம்ல உக்காந்து போடுவாங்களா?"

என் வேலையில் எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ ஆய்வுக்கு வந்திருக்கிறார்கள். ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"குழிகிட்டதான்" என்றேன்.

'குழிகிட்ட. நடுவர் சார். 11.35' என்று என் பேனாவால் எழுதிக்கொண்டாள். பிறகு, பாடம் ஒப்பிப்பது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"எங்கப்பா ஆம்பூர்ல ஒரு கம்பெனியில தோல் பதனிடற டிரம்முல வேலை செஞ்சாரு சார். குழி அடைச்சுக்கிச்சுன்னு எறங்கச் சொன்னாங்க. எறங்கி மயங்கிட்டாரு. நான் அப்ப நாலாங்கிளாஸ். சீட்டைப் பாத்துட்டுதான் எறங்கினேன்னு அப்பா சொல்றாரு. கம்பெனியில சீட்டே குடுக்கலைன்னுட்டாங்க. மூணு ஆபீசர் மாறி மாறி சீட்டு குடுப்பாங்களாம். மூணு பேரும் நான் குடுக்கலைன்னு சொல்லிட்டாங்க. அனுமதி இல்லாம தானா எறங்கினாருன்னு எழுதி முடிச்சிட்டாங்க."

"இப்ப எப்படி இருக்காரு?" என் குரல் எனக்கே தூரத்திலிருந்து கேட்டது.

"பத்தடி நடந்தா நிப்பாரு சார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டுல யார் பேரு இருந்துச்சுன்னு தெரியாது. கையெழுத்து எப்படி இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுவாரு. கீழ ரெண்டு கோடு. பக்கத்துல ஒரு புள்ளி."

படிவம் அவள் கையில் இருந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. கீழே இரண்டு கோடு. பக்கத்தில் ஒரு புள்ளி. கல்லூரியில் சேர்ந்த வருடம் நானே அழகுக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட கையெழுத்து.

அவள் படிவத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. நோட்டை மூடி, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் தோழியோடு போய்விட்டாள். தெரிந்துகொண்டு போனாளா, தெரியாமல் போனாளா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மதியம் பிரியாணி போட்டார்கள். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. ஐம்பது மாணவர்கள் தட்டோடு நடமாடும் இடத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்றுதான் என் கண் தேடிக்கொண்டே இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன்.

சீட்டு கொடுக்கும் பொறுப்பு மூன்று பேருக்கு வாரம் ஒருவராக மாறும். அந்த வாரம் என்னுடையது. விதிப்படி ஒவ்வொரு முறையும் குழிக்குப் போக வேண்டும், வாயு மீட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும், அளவை எழுத வேண்டும். நாங்கள் மூவரும் செய்தது வேறு. திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளர் சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவருவார். டீ குடித்துக்கொண்டே பத்துச் சீட்டில் 'வாயு: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவோம். தேதியும் ஆள் பெயரும் காலியாக இருக்கும். தேவைப்படும்போது அவர் நிரப்பிக்கொள்வார். மீட்டர் என் அலமாரியில் இருந்தது. அதன் பேட்டரி எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை குழி அடைத்துக்கொண்டது. தோல் ஆலைக் கழிவிலிருந்து வரும் வாயு அழுகிய முட்டை போல நாறும். நாறும் வரை ஆளுக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இது வேதியியல் படித்த எனக்குத் தெரியும். டிரம்மில் வேலை செய்தவருக்குத் தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது, சீட்டிலும் கையெழுத்து இருக்கிறது என்று அவர் இறங்கியிருக்கிறார். கயிறு போட்டுத் தூக்கினார்கள். உயிர் இருந்தது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். குழியிடம் போகவில்லை. மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். சீட்டுப் புத்தகம் மேஜையில் இருந்தது. இறங்கியவர் பெயர் எழுதிய சீட்டைக் கிழித்தெடுத்தேன். அதன் கார்பன் நகலையும் கிழித்தேன். மீதி இருந்த கையெழுத்திட்ட சீட்டுகளையும் கிழித்தேன். அடுத்த வெள்ளைத் தாளில் பேனா அழுத்தின தடம் தெரிந்தது. அதையும் கிழித்தேன். யாரும் என்னைக் கிழிக்கச் சொல்லவில்லை. முதலாளிக்குக்கூட அப்போது விஷயம் போயிருக்கவில்லை. பயம்தான் சொன்னது. விசாரணையில் நான் சீட்டுக் கொடுக்கவில்லை, அவர் அனுமதியின்றி இறங்கினார் என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் எதையும் பார்க்கவில்லை என்றார். அவர் இப்போது இல்லை.

அந்தப் பெயர் எழுதிய சீட்டை மட்டும் எரிக்க முடியவில்லை. என் பட்டச் சான்றிதழ் இருக்கும் உறையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் செயல்விளக்கம். அவர்கள் செய்திருந்தது மிகச் சிறிய பொருள். செல்போனில் ஓர் அனுமதிச் சீட்டு. குழியின் வாயில் மீட்டர் வைத்து, அளவு வந்து ஐந்து நிமிடத்துக்குள் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். இறங்குபவரும் போட வேண்டும். போட்ட நொடியை அதுவே பதிந்துகொள்ளும். பிள்ளைகள் பழகுவதற்கென்று இருக்கும் பொது வலையில் அது போய் உட்காரும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அழிக்கும் பொத்தான் கிடையாது. 'திருத்தம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் தப்பான சொற்கள் குறுக்கே ஒரு கோட்டோடு அப்படியே நிற்கும். கீழே புதிய வரி வரும், நேரத்தோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே அதைச் செய்தது யார் என்று தெரிந்தது.

நடுவர் இருவருக்கும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தாள். பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், அவள் கையால் எழுதியது.

"இது உங்க சாவி சார். இதை வெச்சுதான் உள்ள போவணும். நீங்க போட்டது உங்களுதுதான்னு இதுதான் சொல்லும். தொலைச்சீங்கன்னா நானே நெனச்சாலும் வேற குடுக்க முடியாது."

முதலில் சரியான முறையில் ஒன்று போடச் சொன்னாள். மேஜையில் இருந்த மீட்டரில் அளவு வந்தது. செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கோடு போடவில்லை. புள்ளி வைக்கவில்லை. என் பெயரைப் பள்ளிக்கூடப் பையன் போல முழுசாக எழுதினேன்.

அவள் பார்த்தாள். 

"இப்ப நாளைக்குத் தேதிக்கு ஒண்ணு போடுங்க சார்."

போட்டேன். திரை சிவந்தது. 'முன்கூட்டிய கையெழுத்து ஏற்கப்படாது' என்று தமிழில் வந்தது.

பெங்களூர் இளைஞர் சிரித்தார். "நல்லா இருக்கு. ஆனா நாளைக்கு எறங்கற குழிக்கு இன்னைக்கே யாராவது கையெழுத்து போடுவாங்களா?"

"போடுவாங்க சார்" என்றாள் அவள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

பிறகு நாங்கள் இருவரும் தனியறையில் மதிப்பெண் போட உட்கார்ந்தோம். முதல் மூன்று குழுக்கள் சென்னையில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும். அங்கே ஆலைப் பாதுகாப்பு அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். இளைஞர் இவர்களை முதலாவதாக வைத்திருந்தார்.

"நிரல் ரொம்பச் சுத்தம் சார். ஒரு வரி வீண் இல்லை. நீங்க என்ன சொல்றீங்க? களம் உங்களுக்குத்தானே தெரியும்."

அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. சென்னையில் அவள் எழுந்து நின்று அப்பாவின் கதையைச் சொல்வாள். யாராவது அந்த ஆலையின் பெயரைக் கேட்பார்கள். மூன்று அதிகாரிகளின் பெயரைக் கேட்பார்கள். இது மட்டும்தான் என் தலையில் ஓடியது.

"நம்ம ஆலைகள்ல யாரும் முன்கூட்டியே கையெழுத்துப் போடறதில்லை" என்றேன். "இல்லாத பிரச்சினைக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க."

அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு அனுபவசாலி சொல்கிறாரே என்று ஏற்றுக்கொண்டார். அவர்களுக்கு நான்காம் இடம்.

முடிவு சொன்னதும் தோழி அழுதாள். அவள் அழவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள். நான் வாசலை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தேன்.

"சார், எங்க புராஜெக்ட்ல இன்னா தப்புன்னு எழுதிக் குடுங்க சார். அடுத்த தடவை சரி பண்ணிக்கறோம்."

அவள் நீட்டிய நோட்டில் 'களத்தில் இல்லாத பிரச்சினை' என்று எழுதினேன். கீழே கையெழுத்து, பள்ளிக்கூடப் பையன் எழுத்தில். அவள் வாங்கிப் பார்த்தாள்.

"நேத்து வேற மாதிரி போட்டீங்க சார்."

"வயசாயிடுச்சும்மா. கை நடுங்குது."

"நேத்து நடுங்கலையே சார்."

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. மீட்டரில் வந்த அளவைப் படிப்பவள் போலச் சொன்னாள்.  என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் மணியை எழுதினாள். 4.05. பிறகு நோட்டின் முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். 'பேனா, நடுவர் சார், 11.20' என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டு என் பேனாவை நீட்டினாள்.

"உங்க பேனா சார். மறந்துட்டுப் போயிடப் போறீங்க."

அவளுக்கு வர வேண்டிய இடத்தைப் பறித்துக்கொண்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தேன். அவள் என் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து நான் என் பழைய கையெழுத்தைப் போடுவதில்லை. வங்கியில் மாற்றிக்கொண்டேன். ஓய்வூதியத் தாளில் மாற்றிக்கொண்டேன். மகன் ஏன் என்று கேட்டான். கை நடுங்குகிறது என்றேன். அவள் கொடுத்த பன்னிரண்டு சொற்களின் தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல், சீட்டு இருந்த அதே உறையில் வைத்தேன். தபால்காரர் வந்தால் பயம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயம். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காதது இன்னும் பயமாக இருந்தது.

நான்கு நாட்களுக்கு முன் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"லேப் சார்தானே?"

திரும்பினேன். மெலிந்த ஆள். ஒரு கையால் கடை மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சு விசில் போல வந்தது.

"நல்லா கீறீங்களா சார்? நான் டிரம்முல வேலை செஞ்சவன். குழியில வுழுந்தனே. ஞாபகம் கீதா?"

"இருக்கு" என்றேன். 

"நம்ம பொண்ணு ஒரு தபா உங்களைப் பாத்துச்சாமே. ஏதோ கம்ப்யூட்டர் போட்டியில. லேப் சாரான்னு கேட்டேன். நடுவர் சாருதான், லேப் சாரான்னு தெரியலன்னுச்சு. இப்ப பெங்களூர்ல வேலை."

"நல்லதுங்க."

"நல்ல பொண்ணுதான் சார். ஒரே ஒரு பேஜாரு. ஒவ்வொரு தபா வீட்டுக்கு வரச்சொல்லோவும் அந்தச் சீட்டு எப்படி இருந்துச்சு, கையெழுத்து எப்படி இருந்துச்சுன்னு கேக்கும்." நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். "முன்னல்லாம் டக்குனு சொல்லுவேன். இப்ப எனக்கே தெரியல சார். சீட்டப் பாத்தேனா, இல்ல மயக்கத்துல கனவு கண்டேனா. ஊரே சொல்லாம எறங்கினவன்னு சொல்லுது. அவ்ளோ பேரும் பொய்யா சொல்லுவாங்க? நாந்தான் மறந்துட்டனோ இன்னாவோ. போன தபா வந்தப்போ சொல்லிட்டேன். விட்டுடும்மா, நானே எறங்கியிருப்பேன்னு. மூணு நாளு எங்கூடப் பேசல அது."

மருந்தை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பத்தடி நடந்தார். நின்றார். இன்னொரு பத்தடி நடந்தார்.

அவருடைய மூச்சையும் வேலையையும் நல்ல பெயரையும் நான் எடுத்துக்கொண்டதை அறிவேன். தன் கண்ணால் பார்த்ததையே அவர் சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டது எனக்குத் தெரியாது. அவர் 'நானே எறங்கியிருப்பேன்' என்று நம்பிக்கொண்டு செத்துப்போனால், நான் எழுதிக் கொடுத்த பொய் முழு உண்மையாகிவிடும். மறுத்துச் சொல்ல அவள் ஒருத்தி மட்டும் இருப்பாள், சாட்சி இல்லாமல்.

வீட்டுக்கு வந்து உறையை எடுத்தேன். போட்டி நாளன்று நடுவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அவர்களுடைய பக்கத்தின் முகவரி இருந்தது. அழுத்தினேன். மூன்று வருடம் கழித்தும் திறந்தது. பன்னிரண்டு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டு முறை தப்பு செய்தேன்.

அன்று நான் விரலால் போட்ட கையெழுத்து அப்படியே இருந்தது. அதன் கீழே ஒரு வரி. போட்டியின் இரண்டாம் நாள், மாலை 5.10. அவள் போட்டது.

'இவர் முதல் நாள் போட்ட கையெழுத்து வேறு. அதில் கீழே இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. அப்பா சொன்னதைப் போல இருக்கிறது. உறுதி இல்லை.'

மூன்று வருடமாக அது யாரும் படிக்கும்படி அங்கே கிடந்திருக்கிறது. அவள் அதை ஒருவரிடமும் கொண்டுபோகவில்லை. அழிக்கவும் இல்லை. உறுதி இல்லாததை உறுதி இல்லை என்று எழுதிவிட்டு, மணியைக் குறித்துவிட்டு, காத்திருந்திருக்கிறாள். அதைப் படித்தபோது எனக்குக் கை உண்மையாகவே நடுங்கியது.

'திருத்தம்' என்ற பொத்தானை அழுத்தினேன். எழுத நினைத்தது நிறைய. எழுதியது இவ்வளவுதான்: 'சீட்டு கொடுக்கப்பட்டது. குழியைப் பார்க்காமல் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டவன் நான். கிழித்தவனும் நான். இறங்கியவர் சீட்டைப் பார்த்துத்தான் இறங்கினார். சீட்டு என்னிடம் இருக்கிறது.' சீட்டைப் படம் எடுத்துச் சேர்த்தேன். நேரத்தை அதுவே போட்டுக்கொண்டது. காலை 11.42. இனி அதை நானும் எடுக்க முடியாது.

மறுநாள் பார்த்தேன். அவளுடைய பழைய வரியில் 'உறுதி இல்லை' என்ற இரண்டு சொற்களின் மேல் மட்டும் ஒரு கோடு விழுந்திருந்தது. மெல்லியதாக, படிக்கும்படி. பக்கத்தில் அவள் முதலெழுத்து, நேரம். கீழே ஒரு வரி:

'ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சீட்டை எடுத்து வையுங்கள்.'

வேறொன்றும் இல்லை. ஆம்பூரில் லேப் சார் வீடு எது என்று அவள் அப்பாவுக்குத் தெரியும். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இன்று சனிக்கிழமை. மகனிடம் சொல்லிவிட்டேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை. சீட்டை மேஜையில் வைத்திருக்கிறேன். மடித்த இடத்தில் பழுப்பேறியிருக்கிறது, எழுத்து கலங்கவில்லை. நாளை அவர்கள் எந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டாலும் போவேன். என்ன கேட்பார்கள் என்று தெரியாது. அவர் எங்கள் வீட்டு நான்கு படிகளை ஏறுவதற்கு எத்தனை முறை நிற்பார் என்று நினைக்கும்போதுதான் பயம் அதிகமாகிறது.

இதை எழுதும்போது ஓர் இடத்தில், அவர் இறங்கியதைச் சொல்ல வந்து, என் கை தானாகவே 'அனுமதியின்றி' என்று எழுதிவிட்டது. பதினைந்து வருடப் பழக்கம். தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுக்கப் போனேன். பிறகு உட்கார்ந்து, அந்தச் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். அதைப் படிக்க முடிகிறது. கீழே பழைய கையெழுத்தைப் போட்டேன். இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. கை மறக்கவில்லை. மணி 4.05.